அடியில்லாத பாறை

கிரகம் செய்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை என்பாள் பெரியவள். கேட்பவர்கள் வாயைப் பிளப்பார்கள். பின்னே? இரண்டு சூரியன், ஊதா வானம், மூட்டம் படிந்த பள்ளத்தாக்கு, நடுவே வீடு அளவுக்கு ஒரு பாறை. இத்தனையையும் ஒருத்தி தன் வீட்டுப் பின்னறையில், கடகடவென்று ஆடுகிற மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து செய்கிறாள் என்றால் யாருக்குத்தான் ஆச்சரியமாக இருக்காது? ஆனால் அவளைக் கேட்டால், "அட போங்க. வானத்துல எப்படி வேணும்னாலும் ஏமாத்திடலாம். கல்லுலதான் ஏமாத்த முடியாது" என்பாள்.

உண்மைதான். மலையும் பள்ளமும் சாஃப்ட்வேர் பார்த்துக்கொள்ளும். நாலு எண்ணை மாற்றினால் ஒரு மலைத்தொடரே எழுந்து நிற்கும். வெளிச்சம் எங்கே விழும், நிழல் எங்கே படும் என்று கணக்குப் போட்டு 'ரெண்டர்' செய்து முழுப் படமாகக் கொடுத்துவிடும். அதற்கு மேல் டிஜிட்டல் பேனாவைப் பிடித்துக்கொண்டு தூசியையும் பனியையும் தூரத்து ஒளியையும் தீட்டுவது அவள் கைவேலை. ஆனால் கண்ணுக்குப் பக்கத்தில் வருகிற கல் மட்டும் நிஜக் கல்லாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பார்க்கிறவன் கண் 'இது டூப்பு' என்று சொல்லிவிடும். அதனால் நிஜக் கல் ஒன்றைத் தேடிப் போய், சுற்றிச் சுற்றி நடந்து அறுபது, எழுபது படம் எடுக்க வேண்டும். அவ்வளவையும் சாஃப்ட்வேரிடம் கொடுத்தால், ஒவ்வொரு படமும் எந்த இடத்தில் நின்று எடுத்தது என்று அதுவே கண்டுபிடித்து, அந்தக் கல்லைத் திரையில் மறுபடி கட்டிக் கொடுக்கும்.

அப்படிக் கல் தேடி அலைந்தவன் அவள் தம்பி. ஆறடி உயரம் வளர்ந்தும் வீட்டில் அவன் சின்னவன்தான். எடுத்த கல்லுக்கெல்லாம் வீட்டுக்கு வந்து பெயர் வைப்பான். 'வாத்தியார் மண்டை', 'அத்தை மூக்கு', 'பல்வலி' என்று கம்ப்யூட்டர் முழுக்க அவன் வைத்த பெயர்கள்தான். "எங்கடா பிடிச்சே இதை?" என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டான்.

"இடத்தைச் சொன்னா நீயே போய் எடுத்துட்டு வந்துடுவே. அப்புறம் எனக்கு என்ன மரியாதை இந்த வீட்டுல?"

போனில் இடம் காட்டுகிற வசதியைக்கூட அணைத்து வைத்திருந்தான், கள்ளன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில் அப்பாவுக்கும் அவனுக்கும் முட்டிக்கொண்டது. அப்பா முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகும் குரல் மட்டும் ஓய்வு பெறவில்லை.

"கல்லு பொறுக்கறதெல்லாம் ஒரு வேலையாடா? இன்னும் எத்தனை நாளைக்கு அக்கா முந்தானையைப் பிடிச்சுக்கிட்டுத் திரியப் போறே?"

சின்னவன் பதிலுக்கு, "இனிமே இந்த வீட்டுப் படியை மிதிச்சா என்னன்னு கேளுங்க" என்று சொல்லிவிட்டுச் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் கிளம்பினான்.

பெரியவள் நடுவில் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். பேசவில்லை. வேலை கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது, அவன் வெளியே போனதே அவளுக்கு வசதியாகத்தான் இருந்தது. வாசல் வரைக்கும் போய், "பெரிய கல்லா பாத்து எடுடா" என்று மட்டும் சொன்னாள். அவன் திரும்பிப் பார்க்காமல் கையை ஆட்டிவிட்டுப் போனான்.

அன்று மாலை நாலு மணிக்குள் அறுபத்து மூன்று படங்கள் வந்து சேர்ந்தன. அவன் போனில் எடுக்கிற படம் எதுவானாலும் தானாகவே அவள் கம்ப்யூட்டருக்கு வந்துவிடும், அப்படி ஏற்பாடு. கல் உண்மையிலேயே பெரிது. நல்ல வேலை செய்திருக்கிறான் என்று அவளுக்குச் சந்தோஷம். ஆறு மணியாகியும் ஆளைக் காணோம் என்றதும் போன் செய்தாள். மணி அடித்தது, எடுக்கவில்லை.

"எடுக்க மாட்டான், கொழுப்பு" என்றார் அப்பா. "விடு. பசிச்சா தானா வருவான். நீ ஒண்ணும் கெஞ்ச வேண்டாம்."

அவள் கெஞ்சத்தான் செய்தாள். மறுநாள் காலைக்குள் பதினோரு தடவை கூப்பிட்டாள். பதினோரு தடவையும் மணி அடித்தது. அவன் எடுக்கவே இல்லை. நடுநடுவே அவள் கம்ப்யூட்டரில் கறுப்புக் கறுப்பாகப் படங்கள் மட்டும் வந்து விழுந்தன. மொத்தம் நாற்பத்தொன்று. ஒன்றுமே இல்லாத வெறும் இருட்டு. 'பாக்கெட்டுக்குள் கிடந்து தானாக அமுங்குகிறது' என்று நினைத்துக்கொண்டாள். காலை பத்து மணிக்குப் போன் அணைந்து போயிற்று.

அவன் ஸ்கூட்டர் பஸ் நிலையத்தில் நின்றிருந்தது. போலீஸ்காரர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். சண்டை, ஸ்கூட்டர், கறுப்புப் படம் எல்லாம். பஸ் போகிற சாலை நெடுகவும் ஒரே போன் கோபுரம் என்பதால் போன் எந்த இடத்தில் இருந்தது என்று தெரியவில்லை. பிறகு பேனாவை மூடினார்.

"பஸ் ஏறிட்டான்மா. இந்த வயசுல எல்லாருக்கும் வர்ற ரோஷம்தான். காலையில ஏழே முக்கால் வரைக்கும் போன் வேலை செஞ்சிருக்கு, படம் வந்திருக்கு. நல்லபடியா எங்கேயோ போய்ச் சேர்ந்திருக்கான். கோவம் தணிஞ்சா வருவான்."

அந்தக் கறுப்புப் படங்களுக்காக அப்பாவும் மகளும் சந்தோஷப்பட்டார்கள் என்றால் நம்புவீர்களா? ஆனால் அதுதான் நடந்தது. அடுத்த நாள் காலை வரைக்கும் நன்றாகத்தான் இருந்திருக்கிறான் என்று ஒருவருக்கொருவர் சொல்லிச் சொல்லி மனசைத் தேற்றிக்கொண்டார்கள்.

மூன்று வருஷமும் அப்பா அதே பாட்டைத்தான் பாடினார். அவன் ஏதோ ஓர் ஊரில் இருக்கிறான், கல்யாணம்கூட ஆகியிருக்கும், வீம்பு பிடித்த கழுதை, தான் முதலில் இறங்கி வர மாட்டான். "வரட்டும், பேசிக்கறேன்" என்பார். அவன் உயிரோடு எங்கேயோ இருக்கிறான் என்கிற அந்த ஒரு நினைப்புதான் அவரை நடமாட வைத்தது. பெரியவளுக்கும் அது தெரியும். அதனால் தன் மனதில் இருந்ததை அவள் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை.

அவள் மனதில் இருந்தது பயம். அந்தக் கடைசிக் கல்லின் மேல் பயம்.

அதற்குப் பெயர் இல்லை. பெயர் வைக்கிறவன்தான் வீடு திரும்பவில்லையே. அவளாக ஒரு பெயர் வைக்கவும் மனம் வரவில்லை. ஆனால் அதைப் போல ஒரு கல் அவளிடம் வேறு கிடையாது, அதனால் எல்லாக் கிரகத்திலும் அதைத்தான் வைத்தாள். ஒன்றில் சிவப்பு, ஒன்றில் பாசி பிடித்த பச்சை, ஒன்றில் முழுக்க உறைபனி. நிறத்தை எப்படி மாற்றினாலும் அந்தப் பாறை வந்ததும் படத்தில் என்னவோ ஆகிவிடும். பேனாவைப் பிடித்து அதன் பக்கத்தில் மூட்டம் தீட்டும்போது பிடரி முடி சிலிர்க்கும். யாரோ அறை வாசலில் வந்து நிற்பது போலிருக்கும். நாற்காலியைத் திருப்பிப் பார்ப்பாள், யாரும் இருக்க மாட்டார்கள்.

சரி, இவள் மனப்பிரமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவளுக்கு வேலை கொடுக்கிற கம்ப்யூட்டர் விளையாட்டு நிறுவனத்தில் ஒரு கலை இயக்குநர் இருந்தார். எதை அனுப்பினாலும் பதினைந்து திருத்தம் சொல்வார், அதனால் அவருக்கு இந்த வீட்டில் பெயரே 'திருத்தம்'. சின்னவன் வைத்த பெயர்தான். சாமி, பூதம் எதையும் நம்பாத மனிதர். அவர் ஒரு தடவை எழுதினார்: 'பாறைக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறார், எடுத்துவிடுங்கள். இந்தக் கிரகத்தில் மனிதர்கள் கிடையாது.' அவள் படத்தை நானூறு மடங்கு பெரிதாக்கி அங்குலம் அங்குலமாகத் தேடினாள். ஆள் இல்லை. அப்படியே பதில் எழுதினாள். ஒரு மணி நேரம் கழித்து, 'மன்னிக்கவும், இப்போது தெரியவில்லை' என்று பதில் வந்தது. அதை அவள் அப்பாவிடம் சொல்லவில்லை.

போன வாரம் அதே திருத்தத்திடமிருந்து ஒரு புது வேலை வந்தது. உயிரற்ற கிரகம், தரையில் பெரிய பிளவு. பார்க்கிறவன் பிளவுக்கு அடியில் நிற்கிறான், தலையைத் தூக்கிப் பார்க்கிறான், மேலே விளிம்பில் அந்தப் பாறை தொங்குகிறாற்போல் நிற்கிறது. 'அந்தப் பழைய பாறையையே வையுங்கள், அதில் என்னவோ இருக்கிறது' என்றும் எழுதியிருந்தார்.

இதில் ஒரு சிக்கல். இப்படிக் கட்டுகிற எந்தக் கல்லுக்கும் அடி கிடையாது. கல் தரையில் உட்கார்ந்திருக்கிறது, அதன் அடியை யார் போய்ப் படம் எடுப்பார்கள்? திரையில் திருப்பிப் பார்த்தால் உடைந்த பானை மாதிரி அடியில் ஓட்டைதான் இருக்கும். வழக்கமாக அதைத் தரைக்குள் புதைத்து மறைத்துவிடுவாள். இந்தத் தடவை அடிதான் கண்ணுக்கு நேரே வரப்போகிறது.

கையால் தீட்டிப் பார்த்தாள், டூப்பு என்று பல்லை இளித்தது. அப்போதுதான் ஒன்று தோன்றியது. படங்கள் வந்தவுடன் முதல் வேலையாக இருட்டானதையும் கலங்கியதையும் பொறுக்கி எடுத்துக் 'கழிவு' என்று ஒரு பக்கம் தள்ளிவிடுவாள். அவை சேர்ந்தால் கல் கோணலாகிவிடும், இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் செய்கிற காரியம்தான். கல்லைச் சுற்றியுள்ள தரையையும் செடியையும்கூட மறைத்துவிடுவாள். அந்தக் கழிவில் சின்னவன் குனிந்து எடுத்த படம் ஏதாவது கிடந்தால்? பாறையின் கீழ் ஓரமாவது கிடைக்காதா? மூன்று வருஷமாகத் திறக்காத அந்தப் பெட்டியைத் திறந்து, எதையும் பிரிக்காமல், எதையும் மறைக்காமல், நூற்று நாலு படத்தையும் வாரிச் சாஃப்ட்வேரிடம் கொட்டினாள். ஆறு மணி நேரம் ஆகும் என்றது. காலைக் காப்பி குடித்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போனாள்.

பிற்பகல் மூன்று மணிக்கு வந்து பார்த்தபோது வேலை முடிந்திருந்தது. பாறையைப் பிடித்துத் தலைகீழாகத் திருப்பினாள்.

ஓட்டை இல்லை.

பாறைக்கு அடி இருந்தது. ஈரம் வழிந்த தடம் இருந்தது, நூல் நூலாக வேர் இருந்தது, ஒரு மூலையில் குளவிக் கூடுகூட இருந்தது. சாஃப்ட்வேர் பொய் சொல்லும்தான், ஆனால் குளவிக் கூடு கட்டிப் பொய் சொல்லாது. இதை யாரோ கீழே இருந்து பார்த்திருக்கிறார்கள்.

படங்கள் எடுத்த இடங்களைக் காட்டச் சொல்லி ஒரு பொத்தானைத் தட்டினாள். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சின்ன நீலக் கட்டம் தோன்றும். பாறையைச் சுற்றி வட்டமாகக் கட்டங்கள் வந்தன, எல்லாம் ஆறடி ஆளின் நெஞ்சு உயரத்தில். ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனாள். கடைசிக் கட்டங்கள் பாறையை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் நகர்ந்தன. பெரிய கல் அல்லவா, முழுசும் படத்துக்குள் வர வேண்டுமானால் பின்னால் போகத்தான் வேண்டும். அறுபத்து மூன்றாவது கட்டம் தரையின் விளிம்பில் நின்றது. விளிம்புக்கு அப்பால் தரை பிளந்திருந்தது; பிளவு சாய்வாக இறங்கிப் பாறையின் அடியைக் குடைந்துகொண்டு போனது.

பிளவுக்குள், நாலு ஆள் ஆழத்தில், கறுப்புப் படங்களில் சாஃப்ட்வேருக்கு இடம் பிடிபட்டவை ஒரே இடத்தில் கொத்தாகக் கிடந்தன. பத்தொன்பது கட்டங்கள். எல்லாமே மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

அவள் மெதுவாக அந்தக் கறுப்புப் படங்களில் ஒன்றைத் திறந்து வெளிச்சத்தைக் கூட்டினாள். இரண்டு பக்கமும் கல் சுவர். நடுவே கீற்றாக வானம். வானத்தின் ஓரத்தில் பாறையின் வயிறு. அடுத்ததைத் திறந்தாள். அதே கீற்று, அதே வயிறு. லென்ஸின் குறுக்கே ஒரு விரிசல்.

'ஏன்டா படம் எடுத்தே? போன் பண்ணியிருக்கக் கூடாதா? நான்தான் அத்தனை தடவை கூப்பிட்டேனே, எடுத்திருக்கக் கூடாதா?' என்று மனசுக்குள் அவனோடு சண்டை போட்டாள். கேட்கும்போதே பதிலும் தெரிந்துவிட்டது. லென்ஸே உடைந்திருக்கிறது என்றால் திரை மட்டும் தப்பித்திருக்குமா? உடைந்த திரையைத் தொட்டால் ஒன்றும் நடக்காது. வருகிற போனை எடுக்க முடியாது, யாரையும் கூப்பிடவும் முடியாது. ஆனால் சின்னவன் படம் எடுக்கத் திரையைத் தொடவே மாட்டான். கை வேர்த்து வழுக்குகிறது என்று, போனின் பக்கவாட்டில் ஒரு பட்டனை இரண்டு தடவை அமுக்கிக் கேமராவைத் திறப்பான், இன்னொரு பட்டனை அமுக்கிப் படம் எடுப்பான். இருட்டிலும் எடுக்கலாம், கண்ணை மூடிக்கொண்டும் எடுக்கலாம்.

அலமாரியைக் குடைந்து போலீஸில் கொடுத்த புகாரின் நகலை எடுத்தாள். தான் கூப்பிட்ட நேரம் பதினொன்றையும் தன் கையாலேயே அதில் எழுதியிருந்தாள். தாளை மேஜையில் வைத்து, கறுப்புப் படங்கள் எடுத்த நேரத்தை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தாள்.

நாலு மணியிலிருந்து ஆறு பத்து வரைக்கும் ஒரு படமும் இல்லை. ஆறு பத்துக்கு அவள் கூப்பிட்டிருக்கிறாள். ஆறு பதினொன்றுக்கு மூன்று படங்கள். நினைவில்லாமல் கிடந்தவனை அவள் அடித்த மணிதான் எழுப்பியிருக்கிறது. ஏழு இருபத்தைந்துக்குக் கூப்பிட்டிருக்கிறாள், ஏழு இருபத்தாறுக்கு நாலு படங்கள். எட்டரைக்குக் கூப்பிட்டிருக்கிறாள், உடனே ஐந்து. இப்படியே பதினோரு தடவையும். அவள் கூப்பிடாத நேரத்தில் எடுத்த படம் ஒன்றுகூட இல்லை. காலையில் ஏழு நாற்பத்து நாலுக்குக் கடைசியாகக் கூப்பிட்டிருக்கிறாள். அதற்கு ஒரே ஒரு படம் வந்திருக்கிறது.

கொழுப்பெடுத்துப் போய் எடுக்காமல் இருக்கவில்லை அவன். கூப்பிட்ட ஒவ்வொரு தடவையும் பதில் சொல்லியிருக்கிறான். அவன் பதில் முழுக்க இதே அறைக்கு, இதே திரைக்கு வந்து சேர்ந்தது. இருட்டாக இருக்கிறது என்று அவள் கழிவில் போட்டாள். மேஜை மேல் தலையை வைத்து, வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டு அழுதாள்.

"என்னம்மா, இன்னும் முடியலையா?"

இரண்டு டம்ளர் டீயோடு அப்பா வாசலில் நின்றார். தினமும் நாலு மணிக்கு இவர்தான் டீ கொண்டுவருவார், வந்ததும் திரையைப் பார்த்து, 'இது எந்த ஊரு, பஸ் போகுமா?' என்று கேட்பார். இன்றும் கேட்க வாயெடுத்தவர் நிறுத்தினார். அவர் இதுவரை பார்த்ததெல்லாம் பாறையை மட்டும்தான்; இந்தத் தடவை அவள் எதையும் மறைக்காமல் கட்டியதால் பாறையைச் சுற்றியிருந்த நிலமும் திரையில் எழும்பியிருந்தது. புதர், பிளவு, தூரத்தில் மேல்பாதி இடிந்த ஒரு தொட்டி.

"இது நம்ம பழைய குவாரித் தொட்டியாச்சே" என்றார். "கடைசி ஸ்டாப்புல இறங்கி மேல ஏறணும். எத்தனை வருஷம் அங்க வண்டியைத் திருப்பியிருக்கேன். இதை எதுக்கு வரைஞ்சே?"

"நான் வரையலப்பா."

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். திரையில் அந்த ஜன்னலை மூடினால் போதும், படம் மறைந்துவிடும், அவருடைய சின்னவன் ஏதோ ஓர் ஊரில் வீம்போடு உட்கார்ந்திருப்பான். ஆனால் அந்தப் பத்தொன்பது கட்டங்களும் மேலே பார்த்துக்கொண்டிருந்தன.

"உக்காருங்கப்பா" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். கட்டங்களைக் காட்டினாள், வானக் கீற்றைக் காட்டினாள், கடைசியில் தாளைக் காட்டினாள். அவர் கையில் இருந்த டம்ளர் சாய்ந்து டீ வேட்டியில் வழிந்தது, அவருக்கு அது தெரியவே இல்லை. தாளின் மேல் விரலை வைத்தார்.

"இது எல்லாம் நீ கூப்பிட்டது?"

"ஆமாம்பா."

"நான் கூப்பிட்டது இதுல எது?"

அவள் தாளை மெல்ல மடித்தாள்.

"ஒரு தடவைகூடவா இல்ல?"

"இல்லப்பா."

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். எண்ணைத் தேடவில்லை, மனப்பாடமாக ஒவ்வொரு எண்ணாக அமுக்கிக் காதில் வைத்துக்கொண்டார். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது பெரியவளுக்கும் கேட்டது. மூன்று தடவை சொல்லி முடித்து அதுவாகவே துண்டித்துக்கொள்ளும் வரைக்கும் அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

பிறகு எழுந்தார்.

"ஸ்டேஷனுக்குச் சொல்லி ஆளுங்களைத் தொட்டிக்கிட்ட வரச் சொல்லு. நாம முன்னாடி போயிடுவோம்" என்றார். "செருப்பை மாட்டிக்க. வெளிச்சம் இருக்கும்போதே போகணும்."